ஐந்தும் ஒன்பதும் எண்ணிய இசைவாணர்



இசைக்கு வரம்பு உண்டா என்னும் கேள்வி மிகப் பழையது. ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் இசையைப் பல கூறுகளாகப் பிரித்து, இது மன்றத்துக்கு உரியது, இது கோயிலுக்கு உரியது, இது கூத்துக்கு உரியது, இது கடைத்தெருவுக்கு உரியது என்று பெயரிட்டு வைத்திருக்கின்றனர். வரம்பு வேண்டியதே. வரப்பு இல்லாத வயலில் நீர் நில்லாது. ஆயினும் வரப்பு இருப்பது பயிரின் பொருட்டேயன்றி, பயிர் இருப்பது வரப்பின் பொருட்டு அன்று. இந்த உண்மையை உணர்ந்து, பல இசைகளின் வரப்புகளைக் கடந்து நடந்த ஒருவரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் டேவ் புரூபெக். ஐக்கிய அமெரிக்க நாட்டின் பியானோ இசைவாணர், சிறந்த இசையமைப்பாளர். 1920ஆம் ஆண்டில் பிறந்து, 2012ஆம் ஆண்டில் மறைந்தவர்.

அவருடைய இசை 'ஜாஸ்' எனப்படும் வகையைச் சார்ந்தது. அஃது இன்னதென்று முதலில் அறிந்துகொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களில், கறுப்பின மக்களிடையே உருவான இசை அது. அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். வயலில் உழைத்தபோது பாடிய பாட்டும், மாதா கோயிலில் பாடிய பாட்டும், துயரம் தோய்ந்த 'புளூஸ்' பாட்டும், தெருவில் சென்ற பித்தளை வாத்தியக் குழுவின் முழக்கமும் ஒன்றுகூடி ஜாஸ் ஆயின. அதன் உயிர் மனோதர்மம். நம் நாட்டு வித்துவான் ஒருவர் ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, அதில் நிரவலும் கற்பனைச் சுரமும் அந்தந்த நேரத்தில் தாமே பாடுவதுபோல, ஜாஸ் கலைஞரும் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அதன்மேல் தம் கற்பனையைப் படரவிடுகிறார். ஆயின் தாளத்தைப் பொறுத்தவரை, அந்நாளைய ஜாஸ் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைக்குள்ளேயே நடந்துவந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற அந்த நடையில் மக்கள் ஆடிப் பழகியிருந்தனர். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

புரூபெக் 1920ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள கன்கார்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மாட்டுப் பண்ணைத் தொழிலர். தாயார் எலிசபெத் பியானோ ஆசிரியை. இங்கிலாந்து வரை சென்று பியானோ பயின்று வந்தவர். மூத்த புதல்வர் இருவரும் இசைத்துறையில் ஈடுபட்டனர். இளையவராகிய டேவ் ஒருவரேனும் தம்மோடு பண்ணையில் நிற்க வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். சிறுவருக்கும் அதுவே விருப்பம். அவர் பன்னிரண்டு வயதை எட்டும் முன்பே குடும்பம் ஐயோன் என்னும் சிற்றூரை அடுத்த பெரியதொரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே குதிரைமேல் ஏறி மாடுகளை ஓட்டிச் செல்வதும், வேலிகளைப் பழுது பார்ப்பதும், நீரிறைக்கும் எந்திரங்களைக் கவனிப்பதும் அவருடைய வேலைகள். குதிரையின் குளம்படி ஒரே சீராக ஒலிக்கும்; அதற்கு எதிராக வேறொரு தாளத்தை மனத்துக்குள் அமைத்துக்கொண்டே அவர் நெடுந்தொலைவு செல்வார். எந்திரத்தின் தடதடப்பும் அவ்வாறே அவருக்குத் தாளமாயிற்று. பிற்காலத்தில் உலகம் வியந்த அவருடைய லயக் கணக்கிற்கு முதற்பள்ளி அந்தக் குதிரை முதுகுதான் என்று கூறினால் மிகையாகாது.

இளமையில் அவருக்கு ஒரு குறை இருந்தது. பிறவியிலேயே மாறுகண் உடையவராதலின், இசைக் குறிப்புகளைப் படிப்பது அவருக்குக் கடினமாக இருந்தது. மேனாட்டு இசையில் குறிப்பு என்பது நம் இசையில் இருப்பது போன்று நினைவுக்கு உதவும் ஒரு துணை மட்டும் அன்று. எழுதியதை எழுதியவாறு வாசிப்பதே அங்குக் கல்வியின் அடிப்படை. சிறுவர் டேவ் என்ன செய்தார்? தாயார் மாணவர்களுக்குக் கற்பிப்பதைக் காதால் கேட்டார். கேட்டதை மனத்தில் பதித்துக்கொண்டார். பின்னர் படித்து வாசிப்பவர் போலவே வாசித்தார். இவ்வாறு, கண் செய்ய வேண்டிய வேலையைக் காது செய்துவந்தது.

1938ஆம் ஆண்டில் ஸ்டாக்டன் நகரிலுள்ள பசிபிக் கல்லூரியில் கால்நடை மருத்துவத்திற்கான படிப்பில் சேர்ந்தார். விலங்கியல் வகுப்பில் அமர்ந்திருந்தாலும் அவர் மனம் எதிரே இருந்த இசைத்துறைக் கட்டடத்திலேயே இருந்தது. இதனைக் கண்ட விலங்கியல் பேராசிரியர், மனம் இருக்கும் இடத்திற்கே நீயும் போய்விடு என்று அறிவுரை கூறி அனுப்பிவைத்தார். ஒரு மாணவனைத் தம் வகுப்பிலேயே நிறுத்திக்கொள்வதைக் காட்டிலும், அவனுக்குரிய வகுப்பைக் காட்டிவிடுவது உயர்ந்த ஆசிரியத் தொண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இசைத்துறையில் சேர்ந்த பின்னும் குறிப்புப் படிக்கத் தெரியாது என்பதை அவர் பல நாள் மறைத்துவந்தார். பியானோ வகுப்பைத் தவிர்த்து வேறு கருவிகளுக்குரிய வகுப்புகளாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். இறுதி ஆண்டில் பியானோ வகுப்பில் சேர்ந்தே ஆக வேண்டியதாயிற்று. உண்மை உடனே வெளிப்பட்டது. குறிப்புப் படிக்க அறியாத ஒருவருக்கு இசைப் பட்டம் அளித்தல் கல்லூரிக்கு இழுக்கு என்று துறைத்தலைவர் கருதினார். அவ்வேளையில் வேறு ஆசிரியர் சிலர் முன்வந்து, இம்மாணவர் சுரங்களின் இசைவையும் இணைவையும் அறிந்திருப்பதுபோல் அறிந்தவரைத் தாங்கள் கண்டதில்லை என்று எடுத்துரைத்தனர். முடிவில், யாருக்கும் பியானோ கற்பிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தால் பட்டம் அளிக்கப்படும் எனத் தலைவர் இசைந்தார். அவ்வாறே வாக்களித்து, 1942ஆம் ஆண்டில் புரூபெக் பட்டம் பெற்றார்.

ஆசிரியத் தொழிலில் நீண்ட காலம் கழித்தவன் என்ற முறையில், இந்நிகழ்ச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துறைத்தலைவர் கொடியவர் அல்லர். விதியும் தவறான விதி அன்று. இசைப் பட்டதாரி ஒருவர் குறிப்புப் படிக்க அறிந்திருத்தல் முறையே. அந்த மாணவருக்காகப் பரிந்து பேசிய ஆசிரியர்களும் விதியைத் தூக்கி எறியுமாறு கேட்கவில்லை. விதி அளக்கக்கூடியது ஒன்று, இம்மாணவரிடம் இருப்பது வேறொன்று என்பதைச் சான்று காட்டி நிறுவினர். ஆதலின் மாணவர்கள் இதைக் கேட்டு, படிக்காமலே பட்டம் பெறலாம் என்று எண்ணிவிடக் கூடாது. புரூபெக் பிற்காலத்தில் பாடகர் குழுவிற்கும் பெரிய வாத்தியக் குழுவிற்கும் நீண்ட படைப்புகளை எழுதினார். எழுதாமல் அவை பிறர் கைக்குச் சென்றிருக்க முடியாது. காதால் பெற்றதைத் தாளில் இறக்கும் உழைப்பை அவர் பட்டத்திற்குப் பின்னரும் மேற்கொண்டே ஆக வேண்டியிருந்தது.

பட்டம் பெற்ற அதே ஆண்டில், உடன் பயின்ற அயோலா என்னும் மங்கையை மணந்தார், இராணுவத்திலும் சேர்ந்தார். அஃது இரண்டாம் உலகப் போரின் காலம். 1944ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் போர்முனைக்கு அனுப்பப்பட இருந்த நிலையில், செஞ்சிலுவைச் சங்கத்தார் நடத்திய நிகழ்ச்சி ஒன்றில் பியானோ வாசிக்க முன்வந்தார். அவர் வாசிப்பைக் கேட்ட அதிகாரிகள், வீரர்களுக்கு இசை விருந்தளிக்கும் குழு ஒன்றை அமைக்குமாறு அவரைப் பணித்தனர். அக்காலத்து அமெரிக்க இராணுவத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனிப் படைப்பிரிவுகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். புரூபெக்கின் குழுவிலோ இருசாராரும் ஒன்றாக இருந்து வாசித்தனர். எவ்வித முழக்கமும் இல்லாமல் அவர் கடந்த முதல் வேலி அது.

போர் முடிந்து திரும்பியபின், கலிபோர்னியாவிலுள்ள மில்ஸ் கல்லூரியில் தாரியூ மியோ என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளரிடம் மாணவராகச் சேர்ந்தார். மியோ யூதர்; 1940ஆம் ஆண்டில் செருமானியப் படை பிரான்சைக் கைப்பற்றியபோது நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர். ஒரு கை ஓர் ஆதார சுருதியிலும் மற்றொரு கை வேறோர் ஆதார சுருதியிலும் ஒரே வேளையில் வாசிக்கும் முறையில் அவர் வல்லவர். உயர்ந்த செவ்வியல் இசையைக் கற்பிக்கும் அத்தகைய ஆசிரியர், ஜாஸை விட்டுவிடு என்று சொல்லியிருந்தால் வியப்பில்லை. மாறாக, அவர் ஜாஸை விடாதே என்று கூறினார். அமெரிக்க மண்ணில் பிறந்த இசையை அமெரிக்கர் ஒருவர் தம் மொழியாகக் கொள்வதே இயல்பு என்பது அவர் கருத்து. இந்த ஆசிரியரிடம் கொண்ட பக்தியினால் புரூபெக் தம் மூத்த புதல்வருக்குத் தாரியஸ் என்று பெயரிட்டார். பட்டம் பெறும்போது ஓர் ஆசிரியர் கதவைத் திறந்துவைத்தார் என்றால், மியோ அக்கதவுக்கு அப்பால் உள்ள வழியைக் காட்டினார்.

1951ஆம் ஆண்டில் அவருக்குப் பெரியதோர் இடையூறு நேர்ந்தது. ஹவாய்த் தீவில் கடலில் பாய்ந்து நீந்தும்போது கழுத்தெலும்பில் அடிபட்டு, நரம்புகள் பழுதுற்றன. உயிர் பிழைத்தார், ஆனால் கைகளில் நெடுநாள் வலி இருந்தது. விரல்கள் முன்போல் விரைந்து ஓடவில்லை. விரைவு குறைந்த இடத்தை அவர் வேறு வழியால் நிரப்பினார். பல சுரங்களை ஒருங்கே அழுத்தி எழுப்பும் கனத்த ஒலித்திரள்களைத் தம் வாசிப்பின் அடித்தளமாக்கிக்கொண்டார். அந்த ஆண்டிலேயே, பால் டெஸ்மண்டு என்னும் சாக்ஸபோன் கலைஞரோடு சேர்ந்து, நால்வர் குழு ஒன்றை அமைத்தார். டெஸ்மண்டின் நாதம் மென்மையானது. காற்றில் மிதப்பது போன்றது. புரூபெக்கின் பியானோ அதற்கு நேர்மாறாகக் கனமும் திண்மையும் உடையது. இவ்விரண்டின் வேறுபாடே குழுவிற்கு அழகாயிற்று.

அந்நாளில் ஜாஸ் பெரும்பாலும் இரவு விடுதிகளில் ஒலித்த இசை. மாணவர்கள் அங்குச் செல்வது எளிதன்று. அயோலா அம்மையார் ஓர் உபாயம் கண்டார். மேற்குக் கரையிலுள்ள கல்லூரிகள் பலவற்றிற்குக் கடிதம் எழுதி, தங்கள் மாணவர் மன்றத்தில் என் கணவரின் குழுவை வாசிக்கச் செய்யலாமே என்று வேண்டினார். கல்லூரிகள் இசைந்தன. மாணவர்கள் மண்டபம் நிறையக் கூடி, ஆடாமல் அமர்ந்து, செவி கொடுத்துக் கேட்டனர். இவ்வாறு கல்லூரிகளில் வாசித்தவை இசைத்தட்டுகளாகவும் வெளிவந்து புகழ் பரப்பின. 1954ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 'டைம்' வார இதழ் அவர் உருவத்தை அட்டையில் வெளியிட்டது. அப்போது அவர் டியூக் எலிங்டன் என்னும் மூத்த இசைமேதையோடு ஒரே சுற்றுப்பயணத்தில் இருந்தார். எலிங்டன் கறுப்பினத்தவர், ஜாஸ் உலகின் பெருமக்களுள் ஒருவர். அவ்விதழைக் கையிலேந்தி, புரூபெக்கின் அறைக் கதவைத் தட்டி முதலில் காட்டியவர் அவரே. புரூபெக்குக்கு மகிழ்ச்சியைக் காட்டிலும் நாணமே மிகுந்தது. தமக்கு முன்னே அந்தச் சிறப்பு எலிங்டனுக்கு அன்றோ வந்திருக்க வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுதும் வருந்திக் கூறிவந்தார். எலிங்டனின் உருவம் அவ்வட்டையில் வந்தது 1956ஆம் ஆண்டில்தான்.

புகழோடு குறைகூறலும் வந்தது. புரூபெக்கின் வாசிப்பு கனத்தது, ஜாஸுக்குரிய துள்ளல் அதில் இல்லை, செவ்வியல் இசையின் பூச்சு மிகுதி என்று திறனாய்வாளர் பலர் எழுதினர். அதில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்வதற்கில்லை. இரண்டு இசைகளுக்கு நடுவே நிற்பவரை இரு பக்கத்தாரும் அயலாராகப் பார்ப்பது உலக இயல்பு. அவர் விடையிறுக்க முனையவில்லை. தம் காது சொன்ன வழியில் மேலும் நடந்தார்.

1956ஆம் ஆண்டில் ஜோ மொரெல்லோ என்னும் தாளக் கலைஞரும், 1958ஆம் ஆண்டில் யூஜின் ரைட் என்னும் கலைஞரும் குழுவில் சேர்ந்தனர். ரைட் 'டபுள் பாஸ்' எனப்படும் ஆளுயரத் தந்திக் கருவியை வாசிப்பவர், கறுப்பினத்தவர். அந்த 1958ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டு அமைச்சகம் இக்குழுவை அயல்நாடுகளுக்கு அனுப்பிவைத்தது. போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக் முதலிய நாடுகளுக்கு அவர்கள் சென்றனர்.

சென்ற இடங்களில் தம் இசையைக் காட்டிவிட்டுத் திரும்புவதோடு புரூபெக் நின்றுவிடவில்லை; அங்கங்கே உள்ள இசையைக் கேட்டார். போலந்தில் அந்நாட்டுப் பெரும் இசைமேதை ஷோபானின் நினைவுப் பொருள்களைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து, 'ஜென்குயே' என்னும் படைப்பை ஆக்கினார். போலந்து மொழியில் அச்சொல்லுக்கு 'நன்றி' என்பது பொருள். துருக்கியில் இஸ்தான்புல் நகரத் தெருவொன்றில் இசைக்கலைஞர் சிலர் ஒன்பது எண்ணிக்கையுள்ள தாளமொன்றை வெகு இயல்பாக வாசித்துக்கொண்டிருப்பதைக் கேட்டு நின்றார். பம்பாயில் அப்துல் ஹலீம் ஜாபர் கான் அவர்களின் சிதார் இசையோடு பழகினார். நம் சென்னை நகரத்திற்கும் அக்குழு வந்தது. புதுக்கோட்டை வழியில் வந்த மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை அவர்களும் ஜோ மொரெல்லோவும் இங்கே சேர்ந்து வாசித்தனர். அவ்விருவருக்கும் பொது மொழி இல்லை. ஆனால் கணக்கு பொதுவாக இருந்தது.

இப்போது முன்னே குறிப்பிட்ட நான்கு எண்ணிக்கைக்குத் திரும்புவோம். நம் நாட்டில் தாளம் பயிலும் சிறுவருக்கும் திச்ரம் மூன்று, சதுச்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிச்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என்பது தெரியும். ஆகவே ஐந்திலும் ஏழிலும் ஒன்பதிலும் பாடுவதில் என்ன வியப்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒருவருக்கு அன்றாடச் சோறாக இருப்பது மற்றொருவருக்கு அரிய விருந்தாகும். அமெரிக்க ஜாஸ் கேட்போர், நான்கிலும் ஓரளவு மூன்றிலும் மட்டுமே பழகியவர்கள். அவர்கள் முன்னே வேறு எண்ணிக்கைகளை வைப்பதென்று புரூபெக் துணிந்தார். 1959ஆம் ஆண்டு கோடையில் நியூ யார்க்கில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட 'டைம் அவுட்' என்னும் இசைத்தட்டு இவ்வாறு பிறந்தது.

அதன் முதல் உருப்படியின் பெயர் 'புளூ ரோண்டோ அ லா டர்க்'. இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பதே அதன் தாளம். மேனாட்டார் ஒன்பதை மூன்று மூன்றாக எண்ணுவர். 'தகிட தகிட தகிட' என்பது போல. துருக்கியரோ 'தக தக தக தகிட' என்று, மூன்று இரண்டும் ஒரு மூன்றுமாக எண்ணுகின்றனர். புரூபெக் என்ன செய்தார் தெரியுமா? துருக்கிய முறையில் மூன்று ஆவர்த்தனம் வாசித்து, நான்காம் ஆவர்த்தனத்தை மேனாட்டு முறையில் முடித்தார். கையால் தட்டிப் பாருங்கள். 'தக தக தக தகிட' என்று மும்முறை. உடனே 'தகிட தகிட தகிட' என்று ஒருமுறை. ஒன்பது மாறவில்லை, அதன் உட்பிரிவு மட்டும் புரளுகிறது. பின்னர், கற்பனைக்கு இடம் வந்ததும், தாளம் பழைய நான்குக்கு இறங்கி, புளூஸ் நடையில் செல்கிறது. 'ரோண்டோ' என்பது பல்லவி மீண்டும் மீண்டும் வரும் ஐரோப்பியச் செவ்வியல் வடிவத்தின் பெயர். ஆகவே துருக்கித் தெருவும், ஐரோப்பிய மன்றமும், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸும் இந்த ஓர் உருப்படிக்குள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. எதுவும் மற்றொன்றில் கரைந்து தன் முகத்தை இழக்கவில்லை.

அதே இசைத்தட்டிலுள்ள 'டேக் பைவ்' உலகப் புகழ் பெற்றது. இதை இயற்றியவர் புரூபெக் அல்லர், பால் டெஸ்மண்டு. மொரெல்லோ ஐந்து எண்ணிக்கையில் வாசித்துப் பழகுவதைக் கேட்ட புரூபெக், அதற்கேற்ற மெட்டு ஒன்று அமைக்குமாறு டெஸ்மண்டைத் தூண்டினார். நம் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாக, 'தக தகிட' என்று நடக்கும். டேக் பைவ் அதைத் திருப்பிப் போட்டதுபோல் மூன்றும் இரண்டுமாக, 'தகிட தக' என்று நடக்கிறது. பியானோ அந்த நடையை இடையறாது பிடித்து நிற்க, அதன்மேல் சாக்ஸபோன் உலாவுகிறது; டிரம் தனியே பேசுகிறது. ஒரு தம்புராவைப் போல நின்று பிறருக்கு இடம் கொடுக்கும் பணியைக் குழுத்தலைவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இசைத்தட்டு நிறுவனத்தின் விற்பனைப் பகுதியினருக்கு இம்முயற்சி பிடிக்கவில்லை. பழகிய பாட்டு ஒன்றும் இல்லை. ஆடுவதற்கேற்ற தாளமும் இல்லை. அட்டையிலோ மனித உருவம் இல்லாத புதுமை ஓவியம். இதை யார் வாங்குவார் என்று தயங்கினர். ஆனால் நிறுவனத்தின் தலைவர் ஆதரித்தார். முடிவில் பத்து இலட்சத்திற்கு மேல் விற்பனையான முதல் ஜாஸ் இசைத்தொகுப்பு என்னும் பெயரை அது பெற்றது. மக்களுக்கு நான்குக்கு மேல் எண்ணத் தெரியாது என்று முடிவு கட்டியவர்கள் மக்களைக் கேட்டுப் பார்த்ததில்லை என்பதே இதனால் விளங்குகிறது. 1977ஆம் ஆண்டில் மறைந்த டெஸ்மண்டு, தம் படைப்புகளின் வருவாயைச் செஞ்சிலுவைச் சங்கத்திற்கு எழுதிவைத்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இதுவரை இசையின் வேலியைப் பேசினோம். மனிதரிடையே நடப்பட்ட வேலி இதைவிடக் கொடியது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் தோன்றுவதற்கு அந்நாளில் தடை இருந்தது. 1958ஆம் ஆண்டில் வடகரோலினா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில், ரைட் மேடை ஏறக் கூடாது என்றனர். அவர் இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்று புரூபெக் மறுத்துவிட்டார். கூடியிருந்த மாணவர்கள் காத்திருந்து ஆரவாரம் செய்யவே, ரைட் பின்னால் மறைவாக நின்று வாசிக்கலாம் என்று கல்லூரியார் இறங்கிவந்தனர். நிகழ்ச்சி நடுவில் புரூபெக், உங்கள் ஒலிவாங்கி வேலை செய்யவில்லை, முன்னே உள்ள இந்த ஒலிவாங்கிக்கு வந்து வாசியுங்கள் என்று ரைட்டை மேடையின் முகப்புக்கே அழைத்துவிட்டார். மாணவர்கள் மகிழ்ந்து வரவேற்றனர்.

1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்மாநிலக் கல்லூரிகளுக்கென ஏற்பாடாகியிருந்த நீண்ட பயணமொன்றில், ரைட்டை நீக்கி வெள்ளையர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு பெரும்பாலான கல்லூரிகள் கேட்டன. புரூபெக் மறுத்தார். அந்நிகழ்ச்சிகள் யாவும் கைவிடப்பட்டன, பெரும்பொருள் இழப்பாயிற்று. அப்போது அவருக்குக் குழந்தைகள் பலர். இழப்பு அவருக்கு இழப்பே. ஆயினும் அதைப் பெரிதாகப் பேசாமல், எஞ்சிய ஊர்களில் வாசிக்கச் சென்றார். அயல்நாடுகளுக்கு விடுதலையின் தூதராக அனுப்பப்பட்ட குழு, தம் நாட்டிலேயே ஒரு மேடையில் நிற்க இயலவில்லை என்னும் முரண்பாட்டை அவரும் அயோலா அம்மையாரும் மறக்கவில்லை. 'உண்மைத் தூதர்கள்' என்று பொருள்படும் இசைநாடகம் ஒன்றை இருவரும் சேர்ந்து ஆக்கினர். பாட்டுகளை அம்மையார் எழுதினார். கறுப்பின இசைமேதை லூயி ஆம்ஸ்டிராங் அதில் தலைமைப் பங்கேற்றுப் பாடினார். 1962ஆம் ஆண்டில் மான்டரே நகர இசைவிழாவில் அஃது அரங்கேறியது.

1967ஆம் ஆண்டின் இறுதியில், புகழின் உச்சியிலேயே, புரூபெக் அந்த நால்வர் குழுவைக் கலைத்தார். பாடகர் குழுவிற்கும் பெரிய வாத்தியக் குழுவிற்கும் சமயப் பொருள் பற்றிய நீண்ட படைப்புகளை எழுத வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு இருந்தது. போர்க்களத்தில் மனிதர் மனிதரைக் கொல்வதைக் கண்ட நாள் முதல் உள்ளத்தில் உறுத்திக்கொண்டிருந்த வினாவே அதற்கு மூலம். பகைவரிடத்தும் அன்பு செலுத்துக என்னும் இயேசுநாதரின் போதனையை நடுவாக வைத்து எழுதிய படைப்பு 1968ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரில் அரங்கேறியது. அடுத்த ஆண்டில் 'நீதியின் வாயில்கள்' என்று பொருள்படும் படைப்பை ஆக்கினார். துன்புறுத்தப்பட்ட இரு மக்களாகிய யூதரையும் கறுப்பினத்தவரையும் ஒன்று சேர்ப்பதே அதன் நோக்கம். யூதர் வழிபாட்டு முறையில் பாடும் குரல் ஒன்றும், கறுப்பினத்தவரின் பக்திப் பாடல் முறையில் பாடும் குரல் ஒன்றும் அதில் எதிரெதிரே நின்று, பின் இணைகின்றன. எபிரேய வேதத்தின் சொற்களோடு, 1968ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் சொற்களும் அதில் அமைந்துள்ளன.

முதுமையிலும் அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. 1988ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைவர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பசேவும் மாஸ்கோவில் சந்தித்தபோது, அங்கு நடந்த விருந்தில் அவர் வாசித்தார். 2009ஆம் ஆண்டில், தம் 89ஆம் பிறந்தநாளன்று, வாஷிங்டனில் கென்னடி கலைமன்றத்தின் சிறப்பைப் பெற்றார். புதல்வர் நால்வர் இசைத்துறையிலேயே ஈடுபட்டு, தந்தையாரோடு சேர்ந்தும் வாசித்தனர். 2012ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், 92 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்னர், கனெக்டிகட் மாநிலத்தில் உயிர் நீத்தார்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? எல்லை கடப்பது என்றவுடன், இங்கே சிறிதும் அங்கே சிறிதும் எடுத்துக் கலப்பது என்று பலர் எண்ணுகின்றனர். புரூபெக் செய்தது அதுவன்று. அயலாரின் தாளத்தை அவர் அயலார் எண்ணும் முறையிலேயே எண்ணக் கற்றுக்கொண்டார். ஒன்பதை மும்மூன்றாக எண்ணிப் பழகிய காது, இரண்டிரண்டாகவும் எண்ணலாம் என்று ஒப்புக்கொள்வதற்குப் பணிவு வேண்டும். அப்பணிவு உள்ளவரே மற்றொரு மனிதரையும் அவர் நிற்கும் இடத்திலிருந்து காண வல்லவர். துருக்கியத் தெருக் கலைஞரின் முன் நின்று கேட்ட அதே மனிதர்தாம் ரைட்டை மேடையின் முகப்புக்கு அழைத்தார் என்பது தற்செயல் அன்று. கேட்பதற்குப் பொருள் செலவில்லை. ஆனால் கேட்டதற்கேற்ப நடப்பதற்கு விலை உண்டு. அந்த விலையை அவர் 1960ஆம் ஆண்டில் தயங்காமல் கொடுத்தார்.

இன்னும் ஒரு செய்தி. யாருக்கும் பியானோ கற்பிப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு பட்டம் அளித்த அந்தப் பசிபிக் கல்லூரி, பின்னர்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 2000ஆம் ஆண்டில் இளைஞர்களுக்கு ஜாஸ் கற்பிப்பதற்கென்று அங்கே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர், புரூபெக் நிலையம்.